நிரல் வேறு, இன்டெக்ஸ் வேறு: லினக்ஸில் தேடல் மென்பொருளை இறக்குவதும் கட்டுவதும் மேம்படுத்துவதும்

லினக்ஸில் தேடல் மென்பொருள் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று புகார்கள் தவறாமல் வரும். "திறமூலம் என்றால் நாமேதான் கம்பைல் பண்ணிக்கொள்ள வேண்டும்." "புதுப் பதிப்பு போட்டேன், பழைய கோப்பு எதையும் காட்ட மாட்டேன் என்கிறது." "இதைப் போட்டாலே கணினி இழுக்கிறது." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் வெவ்வேறு பொருளைப் பற்றியவை. முதலாவது நிரலைப் பற்றியது (திறமூலம் என்றால் மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கும் மென்பொருள்; கம்பைல் என்றால் அந்த மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றுவது). இரண்டாவது, அந்த நிரல் நம் கணினியில் உண்டாக்கி வைக்கும் தரவைப் பற்றியது. மூன்றாவது, அந்தத் தரவை உண்டாக்கும் வேலையைப் பற்றியது. எல்லாவற்றையும் "சாஃப்ட்வேர்" என்று ஒரே பெயரில் அழைத்துவிடுவதால், எது கெட்டது, எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் முழிக்கிறோம்.

எடுத்துக்காட்டாக ரீகால் என்ற மென்பொருளை வைத்துக்கொள்கிறேன். கணினியில் உள்ள ஆவணங்களின் உள்ளடக்கத்தைத் தேடித் தரும் திறமூல நிரல் அது. லினக்ஸில் இலவசம். அதன் உறுப்புகள் தனித்தனியாக வெளியே தெரியும்படி இருப்பதால், எது எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு வசதியானது. இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி மற்றத் தேடல் நிரல்களுக்கும் பொருந்தும்.

## எந்தத் தேடல்?

முதலில் ஒரு வேறுபாடு. கோப்பின் பெயரைத் தேடுவது ஒன்று. கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடுவது இன்னொன்று.

லினக்ஸில் ஃபைண்ட், லோகேட் என்று இரண்டு பழைய கட்டளைகள் உண்டு. இரண்டும் பெயரைத் தேடுபவை. ஃபைண்ட் ஒவ்வொரு முறையும் வட்டில் நடந்து போய்ப் பார்க்கும். லோகேட், ஏற்கெனவே எடுத்து வைத்த பெயர்ப் பட்டியலில் பார்க்கும். அதனால் நொடியில் பதில் சொல்லும். கோப்புக்குள் தேட கிரெப் இருக்கிறது. ஆனால் அது வெறும் உரைக் கோப்புகளுக்குத்தான் தோது. பிடிஎஃப், வேர்டு ஆவணம், மின்னஞ்சலுடன் இணைத்து வந்த சுருக்கக் கோப்பு இவற்றைக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. உரைக் கோப்பாகவே இருந்தாலும், ஒவ்வொரு தேடலுக்கும் எல்லாக் கோப்புகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாக வேண்டும்.

ரீகால் போன்றவை செய்வது முழுஉரைத் தேடல். அதாவது, எந்த வடிவத்தில் இருந்தாலும் ஆவணத்துக்குள் இருக்கும் உரையை எடுத்து, அதில் வரும் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் கண்டுபிடித்துத் தருவது.

## புத்தகத்தின் பின்பக்கம்

இது எப்படி நடக்கிறது என்பதற்குச் சங்க இலக்கியப் பதிப்பு ஒன்றைப் புரட்டினால் போதும். பின்பக்கத்தில் சொல்லடைவு இருக்கும். "அன்றில்" என்ற சொல் எந்தெந்தப் பாடல்களில் வருகிறது என்று எண்கள் வரிசையாக இருக்கும். நானூறு பாட்டையும் படிக்க வேண்டியதில்லை. அகர வரிசையில் சொல்லைப் பிடித்தால், எண்கள் கையில். யாரோ ஒருவர் ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் படித்துச் சொல் சொல்லாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார். அந்த உழைப்பு முன்கூட்டியே முடிந்துவிட்டதால்தான் நம் தேடல் சட்டென்று முடிகிறது.

தேடல் மென்பொருள் செய்வதும் இதைத்தான். முதலில் உங்கள் ஆவணங்களை எல்லாம் திறந்து, உரையை எடுத்து, சொற்களாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று எழுதி வைக்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பெயர் இன்டெக்ஸ். அதை உண்டாக்கும் வேலைக்கு இன்டெக்ஸிங் என்று பெயர். நீங்கள் தேடும்போது நிரல் உங்கள் ஆவணங்களைப் பார்ப்பதே இல்லை. இன்டெக்ஸை மட்டுமே பார்க்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்திலிருந்தே பல விஷயங்கள் விளங்கிவிடும். இன்று காலையில் சேமித்த கோப்பு தேடலில் வரவில்லை என்றால், அது இன்னும் இன்டெக்ஸில் ஏறவில்லை. நேற்று அழித்த கோப்பு இன்னும் முடிவுகளில் வருகிறது என்றால், இன்டெக்ஸ் இன்னும் பழையதாகவே இருக்கிறது. முதல் நாள் கணினி இழுக்கிறது என்றால், சொல்லடைவு தயாரிக்கும் வேலை நடக்கிறது. அது முடிந்த பிறகு, மாறிய கோப்புகளை மட்டும் பார்ப்பதால் வேலை சிறிதாகிவிடும்.

இன்டெக்ஸுக்கு இடமும் வேண்டும். படங்கள் நிறைந்த பிடிஎஃப்கள் என்றால் மூலக் கோப்புகளைவிட இன்டெக்ஸ் மிகச் சிறியதாக இருக்கும். எல்லாம் கலந்த ஒரு சேகரிப்பென்றால் பல நேரம் மூல அளவுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். சுருக்கி வைத்த மின்னஞ்சல் பெட்டிகள் போன்றவற்றில் மூலத்தைவிடப் பெரிதாகக்கூட ஆகலாம். வட்டில் இடம் குறைவாக உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

தமிழில் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்டெக்ஸில் சொற்கள் எழுதியபடியே பதிவாகின்றன. "புத்தகம்" வேறு, "புத்தகத்தை" வேறு, "புத்தகங்கள்" வேறு. ஆங்கிலத்தில் சொல்லின் கடைசிப் பகுதியை வெட்டி வேரைப் பிடிக்கும் ஸ்டெம்மிங் என்ற உத்தி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் வெளியிட்ட முறை அதில் பேர்போனது. அவருடைய ஸ்னோபால் என்ற தொகுப்பில் பின்னாளில் தமிழுக்கும் ஒரு ஸ்டெம்மர் சேர்ந்தது. உங்கள் பதிப்பின் மொழிப் பட்டியலில் அது இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இல்லாவிட்டால் கைவைத்தியம் ஒன்று உண்டு: "புத்தக" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள், அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. "மர" என்று போட்டு நட்சத்திரம் வைத்தால் மரம், மரங்கள் மட்டுமல்ல, மரபும் மரணமும் மரியாதையும் சேர்ந்தே வந்து நிற்கும்.

இதுவரை: தேடல் மென்பொருள் ஆவணங்களை ஒருமுறை படித்து இன்டெக்ஸ் என்ற சொற்பட்டியலைத் தயாரிக்கிறது. பிறகு தேடுவதெல்லாம் அந்தப் பட்டியலில்தான். பட்டியல் பழையதென்றால் பதிலும் பழையது.

## ஒரு பெயருக்குள் எத்தனை பேர்

ரீகால் என்று நாம் சொல்வது ஒற்றை நிரல் இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால் நிறுவுவதில் உள்ள சிக்கல்கள் பாதி தானாகவே விளங்கும்.

இன்டெக்ஸை எழுதுவது, படிப்பது, எந்த ஆவணம் பொருத்தம் என்று வரிசைப்படுத்துவது இவற்றை ரீகால் தானே செய்வதில்லை. அதற்கு ஸாப்பியன் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. லைப்ரரி என்றால், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும்படி தனியாக எழுதி வைத்த நிரல் தொகுதி. (மேலே சொன்ன போர்ட்டர் எழுதிய மஸ்கட் என்ற தேடல் பொறியின் வழியில் வந்ததுதான் ஸாப்பியன்.) ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரைவதற்கு க்யூட்டி என்ற இன்னொரு லைப்ரரி.

அடுத்து துணை நிரல்கள். பிடிஎஃப்பிலிருந்து உரையை எடுக்க பாப்ளர் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட், பழைய வேர்டு கோப்புகளுக்கு ஆன்டிவேர்டு என்று வெளியே இருக்கும் சிறு நிரல்களை ரீகால் அழைக்கிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். துணை நிரல் இல்லையென்றால் ரீகால் நிற்காது, கத்தாது. அந்தக் கோப்பின் பெயரை மட்டும் பதிவு செய்துகொண்டு நகர்ந்துவிடும். உள்ளடக்கம் இன்டெக்ஸில் ஏறியிருக்காது. "மென்பொருள் சரியில்லை, பிடிஎஃப்பைத் தேடவே தெரியவில்லை" என்ற புகார்களை விசாரித்தால் பல நேரம் காரணம் இதுவாகத்தான் இருக்கும். விடுபட்ட துணை நிரல்களின் பட்டியலை ரீகாலின் மெனுவிலேயே பார்க்கலாம். முதல் இன்டெக்ஸிங் முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தப் பட்டியலைத் திறப்பது.

இன்னொரு நுணுக்கம்: துணை நிரலைப் பிறகு நிறுவிவிட்டால் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முன்பு தோற்றுப்போன கோப்புகள் மாறாமல் அப்படியே இருந்தால், வழக்கமான இன்டெக்ஸிங் அவற்றைத் தாண்டிப் போய்விட வாய்ப்புண்டு. "முன்பு தோற்றவற்றை மறுபடி முயற்சி செய்" என்ற தேர்வைக் கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள்.

துணை நிரல் இருந்தும் தமிழ் வராத இரண்டு சூழல்கள் உண்டு. ஒன்று, ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் இருப்பது படம், எழுத்து இல்லை. டெசரக்ட் போன்ற எழுத்துணரி நிரலும் அதன் தமிழ்த் தரவும் வேண்டும். மற்றொன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆவணம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். இன்டெக்ஸிலும் அவைதான் ஏறும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் "அம்மா" என்று எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. முதலில் ஆவணத்தை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். 2000-க்கு முந்தைய கோப்புகளை வைத்திருப்பவர்கள் இதைத் தேடல் நிரலின் குறையாக நினைத்துக்கொள்வது பாவம்.

கடைசியாக உங்கள் வீட்டு ஃபோல்டரில், அதாவது உங்கள் பயனர் பெயரில் உள்ள ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கும் ஒரு ரீகால் ஃபோல்டர். அதற்குள் இரண்டு முக்கியமான பொருள்கள்: உங்கள் விருப்பங்களை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பு, ஸாப்பியன் எழுதிய இன்டெக்ஸ்.

ஆக நிரல், லைப்ரரிகள், துணை நிரல்கள், அமைப்புக் கோப்பு, இன்டெக்ஸ். முதல் மூன்றும் கணினியின் பொது இடத்தில். கடைசி இரண்டும் உங்கள் வீட்டு ஃபோல்டரில். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

## இறக்குவது

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பகுதி ஒரே வரியில் முடிந்துவிடும்: உங்கள் டிஸ்ட்ரோவின், அதாவது நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் தொகுப்பின், பேக்கேஜ் மேலாளரிடம் (மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் நிரலிடம்) கேளுங்கள். டெபியன், உபுண்டு என்றால் ஆப்ட். ஃபெடோரா என்றால் டிஎன்எஃப். பேக்கேஜ் என்பது ஏற்கெனவே கம்பைல் செய்து, எந்த லைப்ரரிகள் கூட வேண்டும் என்ற குறிப்போடு கட்டி வைத்த பொட்டலம். ரீகாலைக் கேட்டால் ஸாப்பியனும் க்யூட்டியும் தானாகக் கூட வரும். துணை நிரல்களில் சில "பரிந்துரை" என்ற அளவில்தான் குறிக்கப்பட்டிருக்கும், எல்லாமே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இவ்வளவுதான். திறமூலம் என்பதற்காக யாரும் எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, விரும்பினால் மாற்றலாம், பகிரலாம் என்பதுதான் திறமூலத்தின் பொருள்.

பிறகு ஏன் சிலர் மூலநிரலைத் தேடிப் போகிறார்கள்? பதிப்பு. டெபியனின் நிலையான வெளியீட்டில் ஒரு மென்பொருள் எந்தப் பதிப்பில் நுழைந்ததோ, அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்க ஏறக்குறைய அதே பதிப்பில்தான் இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், புது வசதிகள் வராது. அது அவர்களுடைய கொள்கை, சோம்பேறித்தனம் இல்லை. இரண்டு வருடம் பழைய பதிப்பில் உங்கள் வேலை நடக்கிறது என்றால் அதிலேயே இருங்கள். பதிப்பு எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு மூலநிரல் பக்கம் போவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு குறிப்பிட்ட பிழை புதுப் பதிப்பில் தீர்ந்திருக்கிறது என்று வெளியீட்டுக் குறிப்பில் படித்தால், அது நியாயமான காரணம்.

நடுவில் ஒரு வழி உண்டு. டிஸ்ட்ரோவுக்கு வெளியே, மென்பொருளை எழுதுபவரோ வேறு யாரோ பராமரிக்கும் கூடுதல் பேக்கேஜ் களஞ்சியம். புதுப் பதிப்பும் கிடைக்கும், பேக்கேஜ் மேலாளரின் வசதியும் இருக்கும். ஆனால் அதைச் சேர்க்கும்போது, உங்கள் கணினியில் நிர்வாகி அதிகாரத்தோடு நிரல் நிறுவும் உரிமையை அந்தக் களஞ்சியத்தை நடத்துபவருக்குக் கொடுக்கிறீர்கள். எழுதியவருடையது என்றால் சரி. முகம் தெரியாதவருடையது என்றால் யோசிக்க வேண்டும்.

மூலநிரலையே இறக்குகிறீர்கள் என்றால், அதை எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பல திட்டங்கள் கோப்போடு ஒரு சரிபார்ப்புத் தொகையையோ டிஜிட்டல் கையொப்பத்தையோ சேர்த்துக் கொடுக்கும். சரிபார்ப்புத் தொகை என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண். ஓர் எழுத்து மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். உங்களிடம் வந்த கோப்புக்குக் கணக்கிட்டு, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் கோப்பு முழுதாக வந்ததா என்று தெரியும். தளமே களவாடப்பட்டிருந்தால் எண்ணையும் மாற்றியிருப்பார்கள். அந்தச் சூழலில் கையொப்பம்தான் உதவும்.

## கட்டுவது

ரீகால் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. மனிதர் படிக்கும் அந்த மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றுவது கம்பைல் செய்வது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள படிகளையும் சேர்த்துக் கட்டுவது, அதாவது பில்ட் செய்வது என்கிறார்கள்.

படிகள் மூன்று. முதலில் அமைத்தல்: உங்கள் கணினியில் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற திட்டத்தைத் தயாரிப்பது. இரண்டாவது கம்பைல். மூன்றாவது நிறுவுதல்: உருவான கோப்புகளை அவரவர் இடத்தில் கொண்டுபோய் வைப்பது. பழைய ரீகாலில் இவற்றை கான்ஃபிகர், மேக் என்ற கட்டளைகள் செய்தன. புதிய பதிப்புகள் மீசான், நிஞ்ஜா என்ற கருவிகளுக்கு மாறிவிட்டன. அதனால்தான் பழைய வழிகாட்டியைப் பார்த்து "கான்ஃபிகர் என்ற கோப்பே இல்லையே" என்று திகைக்கிறார்கள். கட்டளைகளை நான் இங்கே வரிசையாகக் கொடுக்காததற்கும் அதுவே காரணம். மூலநிரலோடு வரும் நிறுவல் குறிப்பைப் படியுங்கள். அந்தப் பதிப்புக்கு அதுதான் சரி.

பெரும்பாலானவர்கள் விழுவது முதல் படியில். "ஸாப்பியன் கிடைக்கவில்லை" என்று செய்தி வரும். ஆப்ட்டில் பார்த்தால் ஸாப்பியன் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். கணினி பொய் சொல்கிறதா?

இல்லை. ஒரு லைப்ரரிக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி, ஏற்கெனவே கட்டிய நிரல் ஓடும்போது தேவைப்படுவது. மறுபாதி, புதிதாக ஒரு நிரலைக் கட்டும்போது தேவைப்படுவது. இந்த இரண்டாவது பாதியில் ஹெடர் கோப்புகள் இருக்கும். லைப்ரரியில் என்னென்ன செயல்கள் உள்ளன, ஒவ்வொன்றையும் எப்படி அழைக்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் பட்டியல் அது. சாதாரணப் பயனருக்கு அது வேண்டியதில்லை என்பதால் டிஸ்ட்ரோக்கள் அதைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கின்றன. டெபியன் குடும்பத்தில் பெயரின் கடைசியில் "டெவ்" என்று வரும். ஃபெடோரா குடும்பத்தில் "டெவல்". "கிடைக்கவில்லை" என்று செய்தி வந்தால் பத்தில் ஒன்பது முறை அந்த லைப்ரரியின் டெவ் பேக்கேஜை நிறுவினால் தீர்ந்துவிடும். ஸாப்பியனுக்கு ஒன்று, க்யூட்டிக்குச் சில, எக்ஸ்எம்எல் சம்பந்தப்பட்ட லைப்ரரிகளுக்கு ஒன்றிரண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்.

ஒவ்வொன்றாக மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு டெபியன், உபுண்டுவில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஆப்ட்டில் பில்ட்-டெப் என்ற துணைக் கட்டளை உண்டு. ரீகாலின் பெயரைக் கொடுத்தால், டிஸ்ட்ரோவில் உள்ள பதிப்பைக் கட்டுவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுவித் தரும். அதற்கு மூலநிரல் களஞ்சியங்களை முதலில் இயக்கி வைத்திருக்க வேண்டும். புதுப் பதிப்புக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு தேவைப்படலாம், ஆனால் பெரும்பகுதி முடிந்துவிடும். இதைத் தெரியாமலே பலர் நாள் முழுக்கப் போராடுகிறார்கள்.

கம்பைல் படியில் பிழை வந்தால் திரையின் கடைசி வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடைசி வரி "வேலை நின்றது" என்று மட்டும் சொல்லும். ஏன் நின்றது என்பது அதற்கு மேலே எங்கோ இருக்கும். முதலில் வந்த பிழையைத் தேடிப் பிடியுங்கள். அதற்குப் பின்னால் வரும் ஐம்பது பிழைகள் பெரும்பாலும் முதல் பிழையின் பிள்ளைகள்.

தேடல் ஜன்னலே வேண்டாம், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலிலிருந்து தேடினால் போதும் என்றால், அமைத்தல் படியிலேயே வரைகலைப் பகுதியை விட்டுவிடச் சொல்லலாம். க்யூட்டி தொல்லையே இருக்காது. திரை இல்லாத சர்வரில் இதுதான் வழி.

நிர்வாகி அதிகாரம், அதாவது சூடோ, மூன்றாவது படிக்கு மட்டும்தான் வேண்டும். முதல் இரண்டு படிகளையும் சாதாரணப் பயனராகவே செய்யுங்கள்.

அப்புறம், இரட்டைப் பிரதிச் சிக்கல். பேக்கேஜ் மேலாளர் நிரல்களை யூஎஸ்ஆர் என்ற ஃபோல்டரில் வைக்கும். நீங்கள் கட்டியதோ வழக்கமாக அதற்குள் இருக்கும் லோக்கல் என்ற துணை ஃபோல்டரில் போய் உட்காரும். ஏற்கெனவே டிஸ்ட்ரோ பதிப்பு இருந்தால், இப்போது கணினியில் இரண்டு ரீகால்கள். டெர்மினலில் தட்டினால் ஒன்று திறக்கும், மெனுவில் சொடுக்கினால் இன்னொன்று திறக்கலாம். இரண்டும் வீட்டு ஃபோல்டரில் உள்ள ஒரே இன்டெக்ஸைத் தொடும். பழையது எழுத, புதியது படிக்க, தொல்லை ஆரம்பம். மூலநிரலிலிருந்து கட்டப் போகிறீர்கள் என்றால் டிஸ்ட்ரோ பேக்கேஜை முதலில் நீக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு "பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை" என்ற செய்தி வந்தால், புதிதாக வைத்த லைப்ரரி இருக்கும் இடம் கணினிக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். எல்டி-கான்ஃபிக் என்ற கட்டளையை நிர்வாகியாக ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

கட்டிய ஃபோல்டரை உடனே அழித்துவிடாதீர்கள். பேக்கேஜ் மேலாளருக்கு நீங்கள் கட்டியதைப் பற்றி எதுவுமே தெரியாது. அதனால் நீக்கவும் தெரியாது. அந்த ஃபோல்டர் இருந்தால் நிஞ்ஜாவிடம் சொல்லியே திரும்ப எடுத்துவிடலாம்.

இதுவரை: பேக்கேஜ் கிடைத்தால் அதுவே போதும். கட்டுவதென்றால் டெவ் பேக்கேஜ்கள் வேண்டும், முதல் பிழையைப் படிக்க வேண்டும், கணினியில் ஒரே ஒரு பிரதி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நிரலைப் பற்றியது. இன்டெக்ஸை இன்னும் நாம் தொடவே இல்லை.

## மேம்படுத்துவது

பேக்கேஜ் மேலாளர் வழியாக நிரலைப் புதுப்பித்தால் பொது இடத்தில் உள்ளவை மாறும். உங்கள் வீட்டு ஃபோல்டரில் உள்ள அமைப்புக் கோப்பும் இன்டெக்ஸும் அப்படியே இருக்கும். பெரும்பாலான மேம்பாடுகளில் புது நிரல் பழைய இன்டெக்ஸை அப்படியே படித்துக்கொள்ளும், உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. சில நேரம் அப்படி இருக்காது. இரண்டு காரணங்களால்.

ஒன்று, ரீகால் இன்டெக்ஸில் எழுதும் விவரமே மாறுவது. 1.24 பதிப்பிலிருந்து ஆவணத்தின் உரையையே இன்டெக்ஸுக்குள் சேமித்து வைக்கும் வழக்கம் வந்தது. தேடல் முடிவுக்குக் கீழே, சொல் வரும் இடத்தைச் சுற்றியுள்ள வரிகளைக் காட்டுவதற்காக. பழைய இன்டெக்ஸில் அந்த உரை இருக்காது. நிரல் புதிதாக இருந்தும், ஏற்கெனவே பதிவான ஆவணங்களை மறுபடி படித்தால்தான் அந்த வசதி அவற்றுக்கும் வரும்.

இரண்டு, ஸாப்பியன் தன் சேமிப்பு வடிவத்தை மாற்றுவது. அதன் வடிவங்களுக்குக் குவார்ட்ஸ், ஃபிளின்ட், செர்ட், கிளாஸ் என்று கல்லும் கண்ணாடியுமாகப் பெயர். 1.2 வரிசையில் செர்ட் இயல்பான வடிவம். 2016-இல் வந்த 1.4 வரிசையில் கிளாஸ். 1.4 செர்ட்டையும் படிக்கும், ஆனால் அதற்கும் முந்தைய ஃபிளின்ட்டைக் கைவிட்டுவிட்டது. ஆக நீங்கள் ரீகாலைத் தொடாவிட்டாலும், டிஸ்ட்ரோவை ஒரேயடியாகப் பல பதிப்புகள் தாண்டி உயர்த்தினால், அடியில் ஸாப்பியன் மாறி, பழைய இன்டெக்ஸ் திறக்காமல் போகலாம். "நான் ரீகாலை ஒன்றுமே செய்யவில்லையே" என்பது உண்மைதான். மாறியது அதன் கீழே இருந்த லைப்ரரி. திரும்பிப் போவதும் இதேபோல ஆபத்து. புது லைப்ரரி எழுதிய இன்டெக்ஸைப் பழையது படிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மருந்து ஒன்றுதான்: இன்டெக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்குவது. இதைக் கேட்டதும் பலர் பதறுகிறார்கள், ஏதோ தரவு போய்விடும் என்று. ஒன்றும் போகாது. உங்கள் ஆவணங்கள் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இன்டெக்ஸ் அவற்றிலிருந்து பிறந்தது, எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி உண்டாக்கலாம். செலவு நேரம் மட்டுமே. ஆகவே இன்டெக்ஸுக்குக் காப்புப் பிரதி எடுத்து வைக்கத் தேவையில்லை. அமைப்புக் கோப்புக்கு எடுங்கள். எந்த ஃபோல்டரைப் படிக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று நீங்கள் யோசித்து எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ரீகாலின் இன்டெக்ஸிங் கட்டளையில் இதற்கு இரண்டு தேர்வுகள். சிறிய இசட் கொடுத்தால் பழைய இன்டெக்ஸைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். முடியும்வரை தேடலில் அரைகுறையாகத்தான் வரும். பெரிய இசட் கொடுத்தால் பழையதை வைத்துக்கொண்டே ஒவ்வோர் ஆவணமாகப் புதுப்பிக்கும், இடையில் தேடலாம். வடிவமே மாறிவிட்டால் சிறியதுதான் சரி. விவரம் மட்டும் மாறியிருந்தால் பெரியது வசதி. எது தேவை என்று வெளியீட்டுக் குறிப்பில் பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். மேம்படுத்தும் முன் படிக்க வேண்டியது அந்த ஒரு பத்திதான்.

அமைப்புக் கோப்பில் ஒரு பொறி இருக்கிறது. ரீகாலின் இயல்பு அமைப்புகள் பொது இடத்தில் இருக்கும், ஒவ்வொரு மேம்பாட்டிலும் அவை புதிதாகும். உங்கள் வீட்டு ஃபோல்டரில் உள்ளது அதன் மேல் ஏறி நிற்கும். அதில் நீங்கள் எழுதிய வரி மட்டும் இயல்பை மீறும். ஆகவே மாற்ற விரும்பும் வரிகளை மட்டும் எழுதுவதுதான் முறை. சிலர் இயல்புக் கோப்பை முழுக்க நகலெடுத்து வீட்டு ஃபோல்டரில் போட்டு, அதில் இரண்டு வரியைத் திருத்துகிறார்கள். அன்றைக்கு வேலை செய்யும். இரண்டு வருடம் கழித்து நிரல் மாறியிருக்கும், எந்தக் கோப்பு வகைக்கு எந்தத் துணை நிரல் என்ற பட்டியலும் மாறியிருக்கும். ஆனால் நகலில் உள்ள பழைய பட்டியல் புதியதை அழுத்திக்கொண்டு நிற்கும். புது நிரல், இல்லாத ஒரு பழைய துணை நிரலைத் தேடிக்கொண்டிருக்கும். மேம்படுத்திய பிறகு விநோதமாக ஏதாவது நடந்தால், வீட்டு ஃபோல்டரில் உள்ள ரீகால் ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, ஒரு சின்ன ஃபோல்டரை மட்டும் இன்டெக்ஸ் செய்து பாருங்கள். சரியாக வேலை செய்தால், நிரலில் குறையில்லை. பழைய அமைப்பிலோ இன்டெக்ஸிலோதான் கோளாறு.

முழுவதும் புதிதாக இன்டெக்ஸ் செய்வதற்கு முன் எதைத் தவிர்ப்பது என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. ஒன்றும் சொல்லாவிட்டால் ரீகால் வீட்டு ஃபோல்டர் முழுவதையும் படிக்கப் போகும். காப்புப் பிரதிகள், மெய்நிகர் கணினிகளின் வட்டுப் படங்கள் இவையெல்லாம் தேவையில்லை. கோப்பு மாறிய உடனே இன்டெக்ஸ் ஆக வேண்டுமா, இரவில் ஒருமுறை போதுமா என்பதும் உங்கள் தேர்வு. உடனுக்குடன் என்றால் நிரல் பின்னணியில் எப்போதும் விழித்திருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒரு பயனருக்காகக் கண்காணிக்கும் ஃபோல்டர்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு இரவில் ஒருமுறை போதும் என்பது என் எண்ணம்.

## திட்டங்கள் மறைவது

ஒரு சின்ன விலகல். கூகுள் 2004-இல் டெஸ்க்டாப் தேடல் நிரல் ஒன்றைக் கொண்டுவந்தது; லினக்ஸுக்கும் 2007-இல் கொடுத்தது; 2011-இல் நிறுத்திவிட்டது. மூலநிரல் மூடியது, ஆகவே பயனர்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதே காலத்தில் லினக்ஸில் பீகிள் என்று ஒரு திறமூலத் தேடல் இருந்தது. அதுவும் நின்றுபோனது. மூலநிரல் திறந்திருந்தது, தொடர்ந்து பராமரிக்க ஆள் இல்லை. கேடிஇ மேசைச்சூழல் நெபோமுக் என்ற தேடல் அமைப்பை விட்டுவிட்டு 2014-இல் பாலூவுக்கு மாறியது. திறமூலம் என்ற ஒரே காரணத்தால் ஒரு மென்பொருள் நிலைத்துவிடாது. நல்லவேளையாக, தேடல் நிரலைப் பொறுத்தவரை இழப்பு சிறியது: உங்கள் ஆவணங்கள் அதற்குள் அடைபட்டு இல்லை. வேறொன்றை நிறுவி, புதிதாக ஓர் இன்டெக்ஸ் போட்டால் முடிந்தது.

## நீக்குவது

பேக்கேஜ் மேலாளரிடம் சொல்லி நிரலை நீக்கினாலும் வீட்டு ஃபோல்டரில் உள்ளதை அது தொடாது. இன்டெக்ஸ் அங்கேயே கிடக்கும். அதில் உங்கள் ஆவணங்களின் சொற்கள் இருக்கின்றன. முன்பே சொன்னதுபோல, பல பதிப்புகளில் முழு உரையே இருக்கிறது. மூல ஆவணத்தை நீங்கள் அழித்திருந்தாலும், அடுத்த இன்டெக்ஸிங் நடக்கும்வரை அதன் உரை இன்டெக்ஸில் மிச்சம் இருக்கும். நிரலையே நீக்கிவிட்டால் அந்த அடுத்த இன்டெக்ஸிங் வரவே வராது. கணினியை வேறு ஒருவருக்குக் கொடுக்கும் முன்போ, ரகசியமான கோப்பு ஒன்றை அழித்த பிறகோ, கோப்பு மேலாளரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, புள்ளியில் தொடங்கும் அந்த ரீகால் ஃபோல்டரைக் கையால் அழித்துவிடுங்கள்.